பன்னிரண்டு அங்குலம்

அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலில் மட்டும் அது உயிரோடு இருந்தது. மின்நிலையத்தில் பெரிய இன்ஜினியர் முதல் கழிவறை கழுவுகிற அம்மாள் வரை எல்லோருக்கும் அவன் ‘பன்னெண்டு’தான். அந்தப் பெயரை வைத்தவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. பழி சொல்ல வருகிறவர்கள் சுற்றி வளைக்காமல் நேராக என்னிடம் வரட்டும் என்றுதான் சொல்கிறேன்.

நான் அப்போது கட்டுப்பாட்டு அறையில் எழுத்தர். தொலைபேசி அடிக்கும், எடுப்பேன், எண்ணைக் கேட்பேன், பேரேட்டில் எழுதுவேன். அணையில் எவ்வளவு தண்ணீர், எந்த மதகு எத்தனை மணிக்குத் திறந்தது, எத்தனை மணிக்கு மூடியது, எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கும். ஆயுளில் பாதியை அடுத்தவன் சொன்ன எண்ணை எழுதியே கழித்த ஜென்மம் இது.

நிலையத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கென்று பெரிய இன்ஜினியர் ஒரு பாடம் வைத்திருந்தார். மேலே அணை. அணையின் வயிற்றிலிருந்து மலையைக் குடைந்து ஐந்து மைலுக்கு ஒரு சுரங்கம். சுரங்கம் முடிகிற இடத்தில் தண்ணீர் இரும்புக் குழாய்க்குள் ஆயிரம் அடி கீழே விழும். விழுகிற வேகத்தில் சக்கரம் சுற்றும், சக்கரத்தின் தண்டில் பூட்டிய காந்தம் சுற்றும், காந்தத்தைச் சுற்றியிருக்கிற செம்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும். வேலை முடிந்த தண்ணீர் மறுபடி ஆற்றிலேயே போய்ச் சேரும். புகை கிடையாது, சாம்பல் கிடையாது. பாடத்தின் கடைசியில் இரண்டு கையையும் விரித்து, “ஒரு சொட்டுத் தண்ணிகூட நாங்க குடிக்கிறதில்ல” என்பார். வந்தவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள்.

அவர் சொன்னது சத்தியம். ஒரு சொட்டும் குறையாது. ஆனால் சுரங்கம் குறுக்கு வழி. ஆறு தன் பழைய வழியில் வளைந்து வளைந்து பதினொரு மைல் நடந்து வந்த இடத்தை அது ஐந்து மைலில் வெட்டிப் போகிறது. தண்ணீர் குறுக்கே போய்விட்டால் அந்தப் பதினொரு மைலில் என்ன ஓடும்? கல்லும் வெயிலும் கிடக்கும். அதை யாரும் கேட்டதில்லை, கேட்காததை அவரும் சொன்னதில்லை.

அந்தப் பதினொரு மைல் ஒரேயடியாகச் செத்துவிடக் கூடாது என்று, அனுமதி கொடுத்தபோது அரசாங்கம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. அணையின் அடியில் ஒரு சின்ன மதகு எப்போதும் திறந்திருக்க வேண்டும். இரண்டு மைல் கீழே ஆறு திரும்புகிற இடத்தில் ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. அதன் மேல் ஓடுகிற தண்ணீர் பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. முதல் மழைக்கு முட்டையிட மேலே ஏறுகிற மீன் அந்தத் திட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். பன்னிரண்டுக்குக் கீழே இறங்கினால் வயிறு பாறையில் உரசும், மீன் திரும்பிவிடும். திட்டின் ஓரத்தில் ஒரு கம்பம் நட்டு, அங்குலக் கோடு போட்ட எனாமல் தகடு ஒன்றை அதில் அடித்திருந்தார்கள். மூன்று அடி நீளம், கையகலம், வெள்ளையில் கறுப்பு எண்கள். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் ஆற்றில் இறங்கி, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, கரையில் இருக்கிற குடிசையிலிருந்து எனக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அதுதான் அவன் உத்தியோகம்.

ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் செய்தான். முழங்கால் தண்ணீரில் நின்று, அலை அடங்கும்வரை காத்திருந்து, மூன்று தடவை பார்த்து நடு எண்ணைச் சொல்வான். பதிமூன்று என்பான், பன்னிரண்டே கால் என்பான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள், நீ ஆற்றையே அளக்கிறாயே என்று கேலி செய்வேன். சிரிப்பான். அவனுக்கு அதில் சொந்த அக்கறையும் இருந்தது. கூடப்பிறந்த தங்கையை அந்தப் பதினொரு மைலுக்குள்ளேயே ஒரு மீன்காரனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தான். கம்பத்துக்கு இரண்டு மைல் கீழே அவர்கள் வீடு. அவன் பார்க்கிற அங்குலம்தான் தங்கை வீட்டு அடுப்பு.

பிறகு நிலையத்தில் இரண்டாவது சக்கரம் மாட்டினார்கள். ஒரு சக்கரத்துக்கு இருந்த தண்ணீரை இரண்டுக்குப் பங்கு போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நகரத்தில் மாலை விளக்கு எரியத் தொடங்கினால் இரண்டு சக்கரமும் சுற்றியாக வேண்டும். அதனால் ஐந்து மணிக்குச் சின்ன மதகை மூடுவார்கள். ஊர் தூங்கப் போன பிறகு திறப்பார்கள். ஆறு தினமும் செத்துச் செத்துப் பிழைத்தது.

மதகை மூடிய முதல் நாள் மாலை அவன் தொலைபேசியில், “ஏழு சார்” என்றான். எழுதும் முன்பு பெரிய இன்ஜினியரிடம் காட்டினேன். அவர் கத்துகிற ரகமில்லை. என் கையிலிருந்து ரிசீவரை வாங்கி, மிக மரியாதையாக, “மறுபடி போய்ப் பாருங்க” என்றார். கால் மணி நேரம் கழித்து, “ஆறரை சார்” என்றான். “மறுபடி போய்ப் பாருங்க” என்றார் அவர், அதே குரலில். இருட்டிக்கொண்டு வந்தது. அவன் வழுக்குப் பாறையில் இறங்கி ஏறுவதை நான் மனக்கண்ணில் பார்த்தபடி தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை அவன் குரல் இளைத்திருந்தது. “பன்னெண்டு சார்.” இன்ஜினியர் ரிசீவரை என்னிடம் திருப்பிக் கொடுத்து, இப்போதுதான் கண் தெளிந்திருக்கிறது என்றார்.

அவன் அப்போது தற்காலிக ஊழியன். ஆறு வாரத்தில் நிரந்தர ஆணை வந்தது, குடியிருப்பில் ஒரு வீடும் வந்தது. அந்த வாரம்தான் நான் பெயர் வைத்தேன்.

பழகிவிட்டால் நரகமும் நம் வீட்டுக் கொல்லைதான். மாலை மட்டும் பன்னிரண்டு சொன்னவன் மதியமும் சொன்னான், பிறகு காலையும். எப்படியும் பன்னிரண்டு என்று சொல்லப் போகிறவன் எதற்காக ஆற்றில் இறங்க வேண்டும்? கரையிலிருந்தே சொன்னான். அப்புறம் எதற்காகக் குடிசை வரை நடக்க வேண்டும்? குடியிருப்பு வாசலில் காவலாளி அறையில் ஒரு தொலைபேசி இருந்தது. கைலியோடு வந்து அதில் சொல்லிவிட்டுப் போனான். நான் எழுதினேன். மூன்று வருஷம், ஒரு நாளைக்கு மூன்று பன்னிரண்டு. மழைக்காலத்திலும் பன்னிரண்டு, தொண்டை வறளுகிற கோடையிலும் பன்னிரண்டு.

கீழே அதற்குள் ஆறு தன் பாட்டுக்கு ஒரு வேடிக்கை காட்டியது. மதகை மூட ஆரம்பித்த முதல் வருஷம், மேலே ஏறிக்கொண்டிருந்த மீன் நட்டாற்றில் மாட்டிக்கொண்டது. மாலையில் தண்ணீர் வற்றியதும் குட்டைகுட்டையாகத் துள்ளிக்கொண்டு கிடந்தது. வலை வேண்டாம், படகு வேண்டாம், கூடை எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்கினால் போதும். கரையோரம் குடியிருந்த பதினொரு வீட்டு மீன்காரர்களுக்கும் கொண்டாட்டம். வயிறு நிறைய முட்டை வைத்த மீன் வேறு, நல்ல விலை. இவனே தங்கை வீட்டில் போய் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு வந்து என்னிடம் கதையளந்தான். அடுத்த வருஷத்து மீனையும் அதற்கடுத்த வருஷத்து மீனையும் சேர்த்துத்தான் தின்கிறோம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. எனக்கும் ஒரு கூடை வந்திருந்தது, வாயில் மீன் இருந்தது.

இரண்டாம் வருஷம் விரல் நீள மீன் வந்தது. மூன்றாம் வருஷம் வலை ஈரமாகத் திரும்பினாலே பெரிது. தங்கை புருஷன் சாது. சத்தமாகப் பேசத் தெரியாதவன். ஒருநாள் சாப்பாட்டில் உட்கார்ந்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டானாம்: “மச்சான், மேல தண்ணி சரியா விடுறாங்களா?”

பன்னெண்டு வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டுச் சொன்னான்: “மேல பன்னெண்டு இருக்கு மாப்ள. கீழ வர்றதுக்குள்ள மண்ணு குடிச்சிடுது.”

இதை அவனே என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டு, நல்ல பதில்தானே சார் என்று கேட்டான். நல்ல பதில் என்றேன்.

இரண்டாம் வருஷ மழையில் இன்னொன்றும் நடந்திருந்தது. ஆற்றுக்குக் குறுக்கே அணையை நிறுத்தினால் அது கொண்டுவருகிற மண் எங்கே போகும்? அடியில் சேரும். வருஷக்கணக்கில் சேர்ந்து, சுரங்கத்தின் வாயை அடைக்கப் பார்க்கும். அதனால் வெள்ளத்தோடு வெள்ளமாக அதற்கென்றே இருக்கிற பெரிய அடி மதகைத் திறந்து சேற்றைத் தள்ளிவிடுவார்கள். அன்றைக்கு ஒன்பது மணி நேரம் திறந்து வைத்தார்கள். வந்தது தண்ணீரா, கஞ்சியா என்று தெரியாது. கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு, மூச்சில்லாத தண்ணீர். மிச்சமிருந்த குஞ்சு மீனும் வாயைப் பிளந்துகொண்டு மிதந்தது. ஆள் உயரத்துக்கு மேல் போன அந்தச் சேறு, திட்டின் ஓரத்துக் கம்பத்தைத் தகட்டோடு பிடுங்கிக்கொண்டு போயிற்று. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். அன்று மாலையும் காவலாளி அறையிலிருந்து தொலைபேசி வந்தது. “பன்னெண்டு சார்.” என் பேரேட்டில் அந்தப் பக்கத்தில் மேலே ‘அடி மதகு திறப்பு, ஒன்பது மணி நேரம்’ என்றும், கீழே ‘பன்னிரண்டு அங்குலம்’ என்றும் இருக்கிறது. இரண்டும் என் கையெழுத்து.

கம்பம் போனது அவனுக்கே தெரியாது. தெரிந்தது தங்கை வீட்டு அடுப்படியில். சாப்பிட உட்கார்ந்தவன், அவள் மீன் செதில் சுரண்டுகிற பலகையைப் பார்த்தான். வெள்ளைத் தகடு, கறுப்பு எண்கள். தங்கை புருஷன் சேற்றிலிருந்து எடுத்து வந்திருக்கிறான். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. ஒவ்வொரு மீனையும் தகட்டில் கிடத்தி அளந்து, இன்றைக்கு நாலு அங்குலம், இன்றைக்கு மூன்றரை என்று கத்துவார்கள். தங்கை புருஷன், “உங்க தகடு அடிச்சிட்டு வந்துச்சு மச்சான். அங்க புதுசு போட்டிருப்பாங்கல்ல?” என்று கேட்டான். போட்டாச்சு, போட்டாச்சு, இதை நீயே வைத்துக்கொள் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வந்தான். அதற்குப் பிறகு பதினாலு மாதம், இல்லாத கம்பத்தில் பன்னிரண்டு பார்த்தான். கம்பம் இல்லை என்று மேலே சொன்னால், எப்போதிலிருந்து பார்க்கவில்லை என்று கேட்பார்களே.

மூன்றாம் வருஷக் கடைசியில் பதினொரு வீட்டுக்காரர்களும் கைநாட்டு வைத்து மனு கொடுத்தார்கள். அவர்கள் கேட்டது நஷ்டஈடு இல்லை. ஆற்றில் தண்ணீர் விடுங்கள், அவ்வளவுதான். நகரத்திலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்தார். ஆற்றைப் பார்க்கப் புறப்பட்டவர், பாதை சேறாக இருப்பதாகக் கேட்டுத் தன் காலணியைப் பார்த்தார், அப்புறம் நிலையத்துச் சாப்பாட்டுக் கூடத்திலேயே விசாரணையை வைத்துக்கொண்டார். முன்வரிசையில் நாங்கள். பின்னால் சுவரோரமாக மீன்காரர்கள், பெண்டு பிள்ளைகளோடு.

பேரேட்டைக் கேட்டார். மூன்று வருஷத்தையும் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் பன்னிரண்டு. சுயபுத்தி உள்ளவனுக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும், எந்த ஆறு இப்படி நிற்கும் என்று. அவருக்கு மகிழ்ச்சி வந்தது. இவ்வளவு கட்டுப்பாடான பராமரிப்பை வேறெங்கும் பார்த்ததில்லை என்றார். மீன்காரர்களில் யாராவது இதைப் பற்றிச் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். எல்லோரும் தங்கை புருஷனைப் பார்த்தார்கள். ஆற்றை அளக்கிறவரின் தங்கை மாப்பிள்ளை ஆயிற்றே.

அவன் எழுந்து நின்றான். “அதைச் சொன்னது எங்க மச்சான்தாங்க. அவர் பொய் சொல்ல மாட்டார். அவர் பன்னெண்டுன்னு சொல்லியிருந்தா பன்னெண்டுதான் இருந்திருக்கும். அப்ப மண்ணுதான் குடிக்குது போல” என்று சொல்லிவிட்டு, மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்பது போல் மற்றவர்களைப் பார்த்தான்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பன்னெண்டு எழுந்தான். எழுவான் என்று நான் சத்தியமாக எதிர்பார்க்கவில்லை. மூன்று வருஷமாக ஆற்றில் இறங்கவில்லை என்றான். மாலையில் மதகை மூடுவது தனக்குத் தெரியும் என்றான். கம்பமே பதினாலு மாதமாக இல்லை, தகடு தன் தங்கை வீட்டில் மீன் சுரண்டக் கிடக்கிறது என்றான். வேண்டுமானால் இந்த சாரையே கேளுங்கள் என்று என்னைக் கை காட்டினான்.

அதிகாரி என்னைப் பார்த்தார். அந்த ஒன்பது மணி நேரப் பக்கம் அவருடைய கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். புரட்டிக் காட்டியிருந்தால் போதும். ஓய்வுக்குப் பதினேழு மாதம் இருந்தது எனக்கு. இவர் சொன்னதை எழுதினேன், மற்றது எனக்குத் தெரியாது என்றேன். வேலிக்கு ஓணான் சாட்சி.

அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு அவனிடம் பொறுமையாக விளக்கினார். “நீங்க இப்ப சொல்றது உண்மைன்னா, நீங்க மூணு வருஷமா பொய் சொன்னவரு. பொய் சொல்றவர் பேச்சை நான் எடுத்துக்க முடியாது. நீங்க இப்ப சொல்றது பொய்ன்னா, புத்தகம் உண்மை. எப்படிப் பார்த்தாலும் புத்தகம்தான் நிக்குது.”

பெரிய இன்ஜினியர் தகட்டை மட்டும் பிடித்துக்கொண்டார். நிலையத்தின் அளவுகோல் மனுதாரர் வீட்டில் இருக்கிறது என்றால், அதை யார் கழற்றினார்கள் என்று ஒரு கேள்வி வருகிறதே என்று மெதுவாகச் சொன்னார். திருட்டு என்ற சொல்லை அவர் வாயால் சொல்லவில்லை. சுவரோரம் இருந்தவர்களுக்கே அது புரிந்தது.

கூட்டம் கலைந்தபோது தங்கை அவன் எதிரில் வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கை தூக்கவில்லை.

“மண்ணு குடிக்குதுன்னு சொன்னியே அண்ணே. எங்க வீட்ல உக்காந்து, எங்க சோத்த தின்னுக்கிட்டே சொன்னியே” என்றாள்.

அவனுக்காக இல்லை, அந்தப் பெண்ணுக்காக எனக்கு வயிறு எரிந்தது. அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் மின்நிலைய வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

பொய்ப் பதிவு செய்ததாகத் தானே ஒப்புக்கொண்டதற்காக அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள். நீக்கல் ஆணையில் அவன் பதிவுகள் பொய், மனுவைத் தள்ளிய தீர்ப்பில் அதே பதிவுகள் ஆதாரம். இரண்டு காகிதத்தையும் ஒரே மேசையில் வைத்து ஒரே மத்தியானத்தில் தட்டச்சு செய்தார்கள். குடியிருப்பு வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். போக வேறு இடம் இல்லாமல் தங்கை வீட்டுக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அவள் கதவைச் சாத்தவில்லை. பேசவும் இல்லை. தட்டில் சோறு மட்டும் வந்தது என்று கேள்விப்பட்டேன்.

தகட்டைப் பறிமுதல் செய்து, செதில் பிசுக்கைக் கழுவி, மறுபடி கம்பத்தில் அடித்தார்கள். இந்தத் தடவை பாறைத் திட்டின் மேல் நடவில்லை. பக்கத்தில் இருந்த ஆழக் குழியில் நட்டார்கள். திட்டு காய்ந்தாலும் குழியில் தண்ணீர் நிற்கும். அளவு பார்க்க ஓர் ஆள் வேண்டுமே என்றபோது பெரிய இன்ஜினியர் யோசனை சொன்னார். மீன்காரர்களுக்கே நம்பிக்கை வர வேண்டும் என்றால் அவர்களில் ஒருவரே பார்க்கட்டும். தகடு விஷயத்தையும் அதோடு மறந்துவிடலாம். வலையை மூட்டை கட்டி வைத்திருந்த தங்கை புருஷனுக்கு அந்த வேலை போயிற்று. வீட்டில் மூன்று பிள்ளைகள், இப்போது அண்ணன் வேறு. அவனால் வேண்டாம் என்று சொல்ல முடியாது என்று கணக்குப் போட்டவர்களுக்குத் தெரியாதா?

நாலு மாதம் குழி மானத்தைக் காப்பாற்றியது. பன்னிரண்டு, பதிமூன்று என்று அவன் பார்த்ததைச் சொன்னான், எழுதினேன். பிறகு கோடை வந்தது. குழியும் இறங்கியது.

ஒருநாள் மாலை தொலைபேசி அடித்தது. “ஒம்பது சார்” என்றான். அறையில் நான் மட்டும் இருந்தேன். பெரிய இன்ஜினியர் விடுமுறையில் இருந்தார், யாரும் என்னைப் பார்க்கவில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை. என் வாய்தான் சொன்னது: “மறுபடி போய்ப் பாருங்க.”

அவன் சரி என்று சொல்லிவிட்டு ரிசீவரை அதன் இடத்தில் வைக்காமல் மேசையில் கிடத்திவிட்டுப் போனான். காதில் வைத்துக்கொண்டிருந்தேன். காற்றுச் சத்தம். கல்லில் கால் வழுக்கும் சத்தம். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு யாரோ ஏறி வருகிற சத்தம். எட்டேமுக்கால் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்போது குடிசைக்குள்ளிருந்து இன்னொரு குரல் கேட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். துணைக்குக் கூட வந்திருப்பான் போல.

“இன்னும் ரெண்டு தடவை இறங்கச் சொல்லுவாங்க மாப்ள. பாறை வழுக்கும். பன்னெண்டுன்னு சொல்லிட்டு வா, வீட்டுக்குப் போகலாம்.”

பேரேட்டை முன்னால் இழுத்துக்கொண்டேன். பிறகு அந்தச் சாதுவான மனிதன் ரிசீவரை எடுத்து, “பன்னெண்டு சார்” என்றான்.

எழுதிக்கொண்டேன்.